திரைத்தோல்

பூரணம் அந்தக் கொம்பியூட்டர் திரையைத் துடைத்தது தைப்பொங்கலுக்கு முதல்நாள். வீட்டைக் கழுவி, ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் போத்தலில் இருந்த நீலத் தண்ணியை அடித்துத் துடைத்துக்கொண்டு வந்தவள், தம்பி பெண்சாதியின் மேசையிலும் ஒரு கண்ணாடி தூசி பிடித்துக் கிடப்பதைக் கண்டாள். அதற்கும் நாலு தரம் அடித்தாள். பழைய சேலைத் துண்டால் அழுத்தித் தேய்த்தாள். காய்ந்த பிறகு பார்த்தால், நடுவில் ஒரு தோசை அகலத்துக்கு வெள்ளையாய், மூடுபனிபோலப் புகார் பிடித்திருந்தது. ஈரம் என்று நினைத்து இன்னொருக்கால் தேய்த்தாள். புகார் பெருத்தது.

சிவகௌரி கிணற்றடியிலிருந்து வந்து பார்த்தபோது பூரணம் சேலைத் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தாறு வயது மனுசி, பள்ளிக்கூடத்தில் மை கொட்டிய பிள்ளைபோல.

“தூசியெண்டு நினைச்சுத் துடைச்சனான் பிள்ளை. ஏதோ படிஞ்சிட்டுது. இன்னும் கொஞ்சம் உரஞ்சினால் போயிடும்.”

“உரஞ்சாதேங்கோ மச்சாள். கையை எடுங்கோ.”

“கண்ணாடிதானே?”

“உது ஜன்னல் கண்ணாடி மாதிரி இல்லை. வெளிச்சம் பட்டுக் கண் கூசாமல் இருக்கிறதுக்கு மேலை ஒரு தோல் ஒட்டியிருக்கு. நீங்கள் அதைத்தான் பழுதாக்கிப் போட்டியள்.”

பூரணம், சிவகௌரியின் புருசன் வாகீசனின் தமக்கை. கலியாணம் கட்டி இரண்டு வருசத்தில் புருசன் போய், பிள்ளையும் இல்லாமல், உடுப்பிட்டியில் தாய் தகப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். தாய் தகப்பனும் போய், வீடு தம்பி வீடாகி, தம்பிக்குப் பெண்சாதி வந்த பிறகு, அங்கே தான் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் வேலையால் ஈடு கட்டவேண்டும் என்பதுபோல நடந்துகொண்டாள். மற்றவர்கள் எழும்பும்போது முற்றம் கூட்டி, தண்ணி தெளித்து, தேத்தண்ணிக் கேத்திலும் கொதித்திருக்கும். அப்படிச் செய் என்று ஆரும் அவளிடம் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

அந்த வீட்டில் சீவியம் போவது இரண்டு இடத்தால். ஒன்று வாகீசனின் வெங்காயத் தோட்டம். மற்றது சிவகௌரியின் மேசை. நெல்லியடியில் கிருபைரட்ணம் நடத்தும் அச்சகத்துக்குப் பதினொரு வருசமாக அவள்தான் எழுத்துக் கோத்துக் கொடுக்கிறாள். மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், கலியாணக் கார்ட், பள்ளிக்கூட நேரசூசி. கையெழுத்துப் பிரதியை அவர் போனில் படமெடுத்து அனுப்புவார். இவள் அடித்துத் திருப்பி அனுப்புவாள். வாழ்கிறவர்களின் கார்டு ஒரு கிழமை பிந்தலாம், சாவு அறிவித்தல் ஒரு மணித்தியாலமும் பிந்தக்கூடாது என்பது அவருடைய கொள்கை. சிவகௌரி பிந்தியதில்லை. பிழை விட்டதும் இல்லை, போன மாரிவரைக்கும்.

கார்த்திகையில்தான் அது தொடங்கியது. மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், நேரசூசிக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நின்ற கோடு, கொடிக் கயிற்றில் ஈரச் சாரத்தைப் போட்டதுபோல வளைந்து கிடந்தது. அழித்துவிட்டு வேறு கோடு போட்டாள். அதுவும் அந்த இடத்தில் வந்து வளைந்தது. இடக் கண்ணைக் கையால் பொத்தினாள். வளைவு கூடியது. வலக் கண்ணைப் பொத்தினாள். கோடு நேராக நின்றது.

கையை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் எந்தக் கண்ணையும் பொத்திப் பார்க்கவில்லை.

ஐந்து வருசமாக அவளுக்கு நீரிழிவு, சீனி வருத்தம். கிளினிக் தாதி போன ஆவணியில், கண்ணையும் ஒருக்கால் காட்டுங்கோ அக்கா என்று துண்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தத் துண்டு கிளினிக் கொப்பியின் உறைக்குள் கிடந்தது. அதை வெளியே எடுக்கும்போதெல்லாம் நேசமலர் ரீச்சரின் ஞாபகம் வரும். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்து கதைப்பவர். இரண்டு வருசத்துக்கு முதல் தன் பாட்டில் சைக்கிளில் வந்தார். இப்போது மகள் கையைப் பிடித்துக் கொண்டுவந்து இருத்துகிறாள். சிவகௌரி துண்டைத் திரும்ப உறைக்குள் வைத்துவிடுவாள்.

ஆகவே பொங்கலுக்கு முதல்நாள் அந்தப் புகாரைக் கண்டபோது அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. ஓர் ஆறுதல். இதோ, எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு காரணம். இனிக் கோடு வளைந்தால் வளையட்டும், திரை பழுது. கோபத்தை அவள் பிறகுதான் வரவழைத்துக்கொண்டாள்.

மாசி பிறந்த கையோடு அந்தப் பிழை நடந்தது. பருத்தித்துறைப் பக்கத்தில் ஒருவர் மோசம் போய்விட்டார், சாவு அறிவித்தல் அடிக்க வந்தது. “காலஞ்சென்ற மார்க்கண்டு, சிவக்கொழுந்து ஆகியோரின் மூத்த மகனும்” என்று வரவேண்டும். தகப்பன் இல்லை, தாய் சிவக்கொழுந்துக்கு எண்பத்து மூன்று வயது, சுகமாக இருக்கிறார். சிவகௌரி அவசரத்துக்குப் பழைய அறிவித்தல் ஒன்றைத் திறந்து பெயர்களை மாற்றினாள். அதில் “காலஞ்சென்றவர்களான” என்று இருந்தது. “வர்களான” என்ற ஐந்து எழுத்தும் சரியாக அந்த வளைவுக்குள், புகாருக்குள், கிடந்தன. அவள் காணவில்லை. கிருபைரட்ணமும் அவள் அடித்தால் சரிதான் என்று அச்சடித்துவிட்டார். உடுப்பிட்டிச் சந்தியிலிருந்து பருத்தித்துறைக் கடற்கரை மட்டும் லைற் கம்பங்களில் ஒட்டி முடித்த பிறகுதான் ஆரோ வாசித்திருக்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த மனுசியை, பிரேதம் வீட்டில் கிடக்க, செத்தவர் ஆக்கியாயிற்று.

கிருபைரட்ணம் போனில் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“தங்கச்சி, சாவீட்டு வாசல்லை போய் நிண்டு கும்பிட்டுட்டு வாறன். அந்த அம்மா என்னைப் பாத்து, ‘தம்பி, என்னையும் சேத்து அனுப்பினால் நல்லதுதானே’ எண்டு கேட்டவ. நான் என்னத்தைச் சொல்ல?”

“அண்ணை… திரை பழுதண்ணை. நடுவிலை ஒண்டும் தெரியேல்லை. மச்சாள் என்னத்தையோ போட்டுத் துடைச்சு…”

“அப்ப திரையைத் திருத்தும். அடுத்த மாதம் ஒரு நினைவு மலர் வருது, நாப்பத்தெட்டுப் பக்கம். உம்மை நம்பித்தான் ஓம் எண்டனான். இன்னொருக்கால் உப்பிடி நடந்தால் நான் வேறை ஆளைத்தான் பாக்கவேணும். குறை நினையாதையும்.”

அடுப்படியில் நின்ற பூரணத்துக்கு எல்லாம் கேட்டது. அன்றைக்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. தேத்தண்ணியைக் கதவு நிலையடியில் ஸ்ரூலில் வைத்துவிட்டு, “தேத்தண்ணி” என்று மட்டும் சொல்லிப் போவாள். வாகீசன் ஒருநாள் சாப்பிடும்போது பகிடியாக, “அக்கா, என்ரை மோட்டச்சைக்கிளை மட்டும் கழுவிப் போடாதையணை” என்றான். பூரணம் சிரித்தாள். பிறகு கை கழுவப் போனவள் கனநேரம் திரும்பி வரவில்லை. சிவகௌரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாயில் சோறு இருந்தது.

அடுத்தநாள் காலை வாகீசன் வந்து மேசையடியில் நின்றான்.

“இஞ்சரப்பா, அக்கா வெங்காயம் கிண்டி முடிய, காங்கேசன்துறையிலை சின்னம்மாவின்ரை மகள் வீட்டை போகப்போறாவாம். கொஞ்சநாளைக்கோ எண்டு கேட்டன். பாப்பம் எண்டுறா. நீர் ஏதும் சொன்னனீரோ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை.”

அது உண்மைதான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் பூரணம் சும்மா போகிற ஆள் அல்ல. போக முன்னம் தான் கெடுத்ததைத் தானே சரிக்கட்டவேண்டும் என்று நினைத்தாள் போலும். ஒரு புதன்கிழமை ஆருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி நெல்லியடிக்குப் போய், போனும் கொம்பியூட்டரும் திருத்துகிற சிமியோனின் கடையில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து கேட்டு வந்தாள். வரும்போது கையில் கை துடைக்கிற மெல்லிய ரிசுக் கடதாசிப் பெட்டி இரண்டு, ஒட்டுகிற ரேப் ஒரு சுருள்.

“புதுசு வேண்டத் தேவையில்லையாம் பிள்ளை. உந்தத் தோல் பழுதெண்டால் முழுசாய் உரிச்சு எடுத்துப்போட்டுப் பாவிக்கலாமாம். ரிசுவை நனைச்சு மேலை போட்டு, நாலு மணித்தியாலம் ஊறவைச்சால் பசை இளகுமாம். பிறகு மூலையிலை பிடிச்சு மெல்ல மெல்ல இழுக்கிறதாம். கண் கொஞ்சம் கூசுமாம். ஜன்னலுக்குச் சீலை போட்டால் சரியாம். சனிக்கிழமை அவன் வாறானாம்.”

கறிக்குக் கூட்டு அரைக்கிற பக்குவம்போல அவள் ஒவ்வொன்றாய் ஒப்புவித்தாள். முகத்தில் மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். சிவகௌரி அந்தப் பெட்டிகளை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தாள்.

“ஏன் மச்சாள் உவ்வளவு அவதி? பிறகு பாப்பம்.”

“பிறகென்ன பிறகு? உன்ரை வேலை கெட்டுப்போச்செல்லே?”

சனிக்கிழமை விடிய வானம் மூடிக் கிடந்தது. மாசி மழை வெங்காயத்துக்கு ஆகாது. கிண்டி வெயிலில் போட்ட வெங்காயம் நனைந்தால் தாளோடு அழுகிவிடும். வாகீசன் விடியவே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். தோட்டம் வேலிக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து அவன் போடும் சத்தம் அறைக்குள் கேட்டது.

சிமியோன் வந்து, மேசையில் துவாய் விரித்து, திரையை மல்லாத்திப் படுக்கவைத்தான். திருகாணி கழற்றிச் சட்டத்தை எடுத்தான். நாலு விளிம்பிலும் ரேப் ஒட்டினான்.

“தண்ணி உள்ளுக்கை இறங்கினால் சரி, திரை முடிஞ்சுது. ரிசு ஈரமாய் இருக்கவேணும், தண்ணி வடியக்கூடாது. காயக் காயத் தெளியுங்கோ. உரிக்கேக்கைதான் கவனம் அக்கா. இந்தத் தோலுக்குக் கீழை இன்னொரு படை இருக்கு. அதையும் சேத்துக் கிளப்பினியளோ, திரை வெறும் வெள்ளையாய் எரியும், படமும் இல்லை எழுத்தும் இல்லை. மேல்தோல் மட்டும். அவிச்ச முட்டையிலை ஒரு சவ்வு வருமெல்லே, அப்பிடி.”

“அப்ப நீரே உரிச்சுத் தாருமன் தம்பி,” என்றாள் பூரணம், நிலைக்கு வெளியே நின்றபடி.

“ஐயோ, நான் மாட்டன். என்ரை கையிலை பழுதானால் ஊர் முழுக்கச் சிமியோன்தான் கெடுத்தது எண்டு கதை வரும். கழட்டித் தாறன், பின்னேரம் வந்து பூட்டித் தாறன். உரிக்கிறது வீட்டுக்காரர்.”

அவன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். நனைத்த ரிசு திரை முழுக்க ஒட்டிக்கொண்டு கிடந்தது. சிவகௌரிக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வெளியே வந்தாள். உள்ளே போனாள். தெளித்தாள். இப்போதுதானே தெளித்தது என்று நினைவு வந்தது.

“வா பிள்ளை, தோட்டத்துக்கு. உதிலை நிண்டு என்ன, அது ஊறுற நேரத்துக்குத்தான் ஊறும்,” என்று பூரணம் கூப்பிட்டாள்.

தோட்டத்தில் ஆளுக்கொரு பாத்தியில் குந்தியிருந்தார்கள். இழுத்துப்போட்ட வெங்காயத்தை உதறி மண் தட்டி, தாளோடு பிடிபிடியாய்ச் சேர்த்து, ஓலைக் கிழிசலால் கட்டி, வரிசையாய் வைக்கவேண்டும். பூரணத்தின் கை இயந்திரம்போல ஓடியது. சிவகௌரியின் கை மண்ணில் தடவியது. பத்துப் பிடி கட்டுவதற்குள் மூன்றுதரம் எழும்பி வீட்டுக்கு ஓடினாள். மூன்றாம் தரம் திரும்பி வரும்போது வாகீசன் சிரித்தான்.

“என்னப்பா, உள்ளுக்கை பிள்ளையை நித்திரையாக்கிப்போட்டு வந்தமாதிரி ஓடித் திரியிறீர்?”

“காஞ்சுபோகும் எண்டுதான்.”

“காயட்டும் எண்டு நான் கும்பிடுறன், காயக்கூடாது எண்டு நீர் கும்பிடுறீர். கடவுள் ஆரின்ரை சொல்லைக் கேப்பார்?”

எல்லாரும் சிரித்தார்கள். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றில் வெங்காய நெடியோடு மழை மணமும் ஏறியது. சிவகௌரி கும்பிட்டது காயக்கூடாது என்றில்லை. தோலாக இருக்கவேண்டும் என்றுதான். அந்தத் தோலோடு எல்லாம் போய்விடவேண்டும். கார்த்திகையில் கோடு வளைந்ததும் திரையின் பழுதுதான், இந்தத் திரை பழையது, அப்போதே தோலுக்குக் கீழே பசை உப்பியிருக்கும், இடக்கண் வலக்கண் என்று கண்டதெல்லாம் மனப்பிரமை. ஒவ்வொரு பிடியைக் கட்டும்போதும் இதையே ஒருக்கால் சொல்லிக் கட்டினாள்.

மத்தியானம் சோறும் வெங்காயத்தாள் வறையும் முருங்கைக்காய்க் கறியும். வேலையாட்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் நின்ற நிலையில் நாலு வாய் தின்றார்கள். ஒரு மணி அடித்ததும் பூரணம் கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டுதரம் கழுவினாள். அறை வாசலில் வந்து நின்றாள்.

“நான் வரட்டோ உள்ளை?”

சிவகௌரி கதவை அகலத் திறந்தாள். “என்ன கேள்வி மச்சாள்? வாங்கோ.”

ரிசுவை வழித்து எடுத்தார்கள். கீழ் மூலையில் சிவகௌரி நகத்தால் மெல்லக் கீறினாள். ஒன்றும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணி தொட்டு வைத்தாள். திரும்பக் கீறினாள். சோப்பு நுரையின் ஓரம்போல ஒரு மெல்லிய விளிம்பு எழும்பியது.

“வருது வருது. விடாதை. பாய் சுருட்டிற மாதிரி இழு, மேலை தூக்காதை, படுக்கையா இழு. அவன் அப்பிடித்தான் சொன்னவன்.”

“இந்தப் பக்கம் மட்டும் வருது மச்சாள், அந்தப் பக்கம் வரேல்லை.”

“தா, அந்தப் பக்கத்தை நான் பிடிக்கிறன்.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தோல் மெதுவாக, ‘சிர்’ என்ற சின்னச் சத்தத்தோடு வந்தது. ஓரிடத்தில் பிடித்துக்கொண்டது. பூரணம் மூச்சை அடக்கி, விரல் நுனியால் தண்ணி விட்டு விட்டுத் தடவினாள். வெங்காயக் கறை பிடித்த, வெடித்த விரல்கள். அந்த விரல்களுக்கு இவ்வளவு பக்குவம் தெரியும் என்று சிவகௌரி நினைத்திருக்கவில்லை. வெளியே முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. வாகீசன் “மூடுறதுக்குப் படங்கைக் கொண்டாங்கோ, படங்கை!” என்று கத்துவதும் ஆட்கள் ஓடுவதும் கேட்டது. இருவரும் அசையவில்லை. கடைசி மூலை விட்டு வந்தபோது தோல் முழுசாய் அவர்கள் கையில் தொங்கியது. நடுவில் அந்தத் தோசை அகலப் புகாரும் அதோடு வந்துவிட்டது.

மழை பத்து நிமிசத்தில் விட்டது. பாதி வெங்காயம் நனைந்தது, பாதி தப்பியது. பின்னேரம் சிமியோன் வந்து துடைத்துப் பூட்டி, வயரைக் கொழுவினான். திரை வெளிச்சமாய் எரிந்தது. பூரணம் “அம்மாளாச்சி” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கறுப்பில் அவர்கள் மூன்று பேரின் முகங்களும் தெரிந்தன. வெள்ளையில் ஒரு மாசு இல்லை.

“பளிங்கு. சும்மா சொல்லக்கூடாது, கடையிலை செய்தாலும் உப்பிடி வராது,” என்றான் சிமியோன்.

“எப்பிடிப் பிள்ளை? வடிவாய்த் தெரியுதோ?”

சிவகௌரி ஒரு பழைய நேரசூசியைத் திறந்தாள். கட்டங்கள் வந்தன. நடுக்கோடு வளைந்து கிடந்தது.

“ஓம்,” என்றாள். “வடிவாய்த் தெரியுது.”

சிமியோன் போனான். பூரணம் தேத்தண்ணி போடப் போனாள். போகும்போது எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு போனாள். சிவகௌரி கதவைச் சாத்தினாள். இடது கையைத் தூக்கி இடக் கண்ணைப் பொத்தினாள்.

கார்த்திகையில் வளைந்தது ஒரு கோடு. இப்போது நாலு கோடும் ஓரிடத்தில் வந்து நெளிந்து, கட்டத்துக்குள் இருந்த ‘கணிதம்’ என்ற சொல்லின் நடுவெழுத்து இரண்டும் இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறமாய் ஒரு துளி. கண்ணைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. ஜன்னலைப் பார்த்தாள், ஜன்னல் கம்பியில் வந்து நின்றது. கையைப் பார்த்தாள்; உள்ளங்கையில் வந்து நின்றது.

எவ்வளவு நேரம் இருந்தாளோ. வெளியே போன் அடித்தது. வாகீசன் தோட்டத்தில். பூரணம்தான் எடுத்தாள். கிருபைரட்ணம்.

“ஓம் தம்பி, நான் பூரணம் கதைக்கிறன். உங்களுக்கு நானே எடுக்கவேணும் எண்டு இருந்தனான். திரை சரி. இண்டைக்குத் தோல் உரிச்சாச்சு. இனி ஒரு பிழையும் வராது. தம்பி, அந்தச் சாவீட்டு அறிவித்தல்லை நடந்தது என்ரை பிழை. நான்தான் கண்டதையும் போட்டுத் துடைச்சுக் கெடுத்தனான். உவள் பிள்ளையிலை ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் அந்தப் புத்தக வேலையை உவளுக்கே குடுங்கோ. நானும் இனி இஞ்சை இருக்கமாட்டன், கை வைக்க ஆளில்லை, பயப்படாதேங்கோ…”

சிவகௌரி கதவைத் திறந்தாள்.

“மச்சாள், போனைத் தாங்கோ.”

பூரணம் போனின் வாயைப் பொத்திக்கொண்டு, சரி சரி எல்லாம் சொல்லிட்டன் என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள்.

“தாங்கோ எண்டுறன்.” வாங்கினாள். “அண்ணை, நான் கௌரி. மச்சாள் சொன்னது சரியில்லை. திரையாலை இல்லை அண்ணை. எனக்குக் கண் தெரியேல்லை. வலக்கண். கார்த்திகையிலை துவங்கினது. எனக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் திரையிலை பழியைப் போட்டனான்.”

அந்தப் பக்கம் கிருபைரட்ணம் ஓடிக்கொண்டிருந்த அச்சு மெசினை நிறுத்தினார்.

“முதல்லை கண்ணைப் பாரும் தங்கச்சி,” என்றார் பிறகு. “புத்தகத்தை நான் வேறை ஆளிட்டைக் குடுக்கிறன். சாவீட்டு வேலையிலை நான் துணிஞ்சு விடேலாது, உமக்கும் விளங்கும்.”

“விளங்குது அண்ணை.”

திரும்பியபோது பூரணம் அப்படியே நின்றாள்.

“கார்த்திகையோ?”

“ஓம் மச்சாள்.”

“நான் துடைக்க முதலே?”

“ஓம்.”

“அப்ப நான் துடைச்ச அண்டைக்கு உனக்குத் தெரியும்.”

“ஓம்.”

பூரணம் தலையை ஆட்டினாள். ஒரு பெரிய கணக்கைச் சரிபார்ப்பவள்போல மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சத்தம் வந்தது. அந்த வீட்டில் இருபது வருசத்தில் ஆரும் கேட்டிராத சத்தம்.

“நான் என்ன மாடோ பிள்ளை? மூண்டு கிழமை இந்த வாசல்லை நிண்டு தேத்தண்ணி வைச்சனான். சாமிக்குப் படைக்கிறமாதிரி எட்ட நிண்டு வைச்சனான். தம்பி பகிடி விட்டான், நீ கேட்டுக்கொண்டு இருந்தனி. காங்கேசன்துறைக்குப் போன் எடுத்து, ஒரு மூலை தா எண்டு கேட்டனான், அவளிட்டை! என்னை ஒருநாளும் மதியாதவளிட்டை! ஒரு சொல்லு. ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு வாய் வரேல்லையே?”

சத்தம் கேட்டு வாகீசன் சேற்றுக் காலோடு ஓடி வந்தான். “என்னக்கா, என்ன?”

“உன்ரை பெண்சாதியைக் கேள்.”

சிவகௌரி அவனுக்கும் சொன்னாள். இரண்டாம்தரம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வாகீசன் நிலத்தில் குந்தினான். தமக்கையைப் பார்ப்பதா பெண்சாதியைப் பார்ப்பதா என்று தெரியாமல் தன் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பயந்திட்டன் மச்சாள்,” என்றாள் சிவகௌரி. “நேசமலர் ரீச்சர் மாதிரி ஆயிடுவன் எண்டு பயந்திட்டன். கண் இல்லாட்டில் எனக்கு இந்த வீட்டிலை என்ன வேலை?”

அந்தக் கேள்வி பூரணத்தைச் சுட்டது. அதே கேள்வியை அவள் அந்த வீட்டில் இருபது வருசமாய்த் தனக்குள் வைத்திருந்தவள். அடுப்படிக்குப் போனாள். ஊற்றிய தேத்தண்ணி ஆறிக்கிடந்தது. அதை வாளிக்குள் ஊற்றிவிட்டுப் புதிதாகத் தண்ணி கொதிக்கவைத்தாள்.

திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துப் பஸ்ஸில் சிவகௌரியோடு வந்தது பூரணம்தான். வாகீசனுக்கு நனைந்த வெங்காயத்தைப் பிரித்துக் காயப்போடுகிற வேலை. வழிமுழுக்கப் பூரணம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கண் கிளினிக்கில் மருந்து விட்டு, கண்மணி விரியக் காத்திருந்து, பிறகு ஒரு பெண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“சீனியாலை வலக்கண்ணின்ரை பின்பக்கம் வீங்கி நீர் வைச்சிருக்கு. சரி நடுவிலை. இடக்கண்ணிலையும் துவக்கம் தெரியுது. எப்ப துவங்கி உப்பிடித் தெரியுது?”

“கார்த்திகை.”

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். மாதங்களை விரலில் எண்ணிவிட்டுத் திரும்ப எழுதினார். “ஊசி போடவேணும். மாதம் ஒண்டு. ஆறு மாதமாவது. முழுக்கத் திரும்பும் எண்டு சொல்லமாட்டன். ஆனா இனிப் போகாமல் மறிக்கலாம். சீனியைக் கட்டுப்படுத்தவேணும்.”

“ஊசி கண்ணுக்குள்ளையோ டொக்டர்?” என்று பூரணம் கேட்டாள்.

“ஓமம்மா. விறைக்கப்பண்ணித்தான் போடுவம்.”

அன்றைக்கே முதல் ஊசி போட்டார்கள். வெளியே வந்தபோது வெயில் ஊசிபோலவே குத்தியது. சிவகௌரிக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ் நிலையம் முழுக்க வெள்ளையாய்க் கரைந்து கிடந்தது. பூரணம் அவள் முழங்கைக்கு மேலே பிடித்து நடத்தினாள். பிடி இறுக்கமாயிருந்தது, அன்பென்று சொல்லமுடியாது.

சொன்னபடியே, வெங்காயம் கட்டி முடிந்த கிழமை பூரணம் ஒரு பையோடு காங்கேசன்துறைக்குப் போனாள். வாகீசன் மறித்தான். சிவகௌரி மறிக்கவில்லை, அதற்குத் தனக்கு வாயில்லை என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் தேத்தண்ணி வைக்க ஆளில்லாமல், முற்றம் கூட்ட ஆளில்லாமல், ஒவ்வொரு வேலையும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அந்த நாட்களில் அவள் கண்டுகொண்டாள்.

இரண்டாவது ஊசிக்குரிய நாள் காலை, பூரணம் அதே பையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

“மச்சாள்! இண்டைக்குக் கிளினிக் எண்டு ஆர் சொன்னது?”

“துண்டிலை திகதி பாத்துக்கொண்டுதானே போனனான். வெளிக்கிடு, பஸ் போயிடும்.”

அவ்வளவுதான். திரும்பிப் போவதைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. விடிய முதல் முற்றம் கூட்டுவதை மட்டும் அவள் நிறுத்திவிட்டாள். வெளிச்சம் வந்தபிறகு எழும்பினாள். தேத்தண்ணியைச் சில நாள் சிவகௌரி வைத்தாள். சில நாள் வாகீசன் வைத்தான், சாயம் கூட்டிக் கசக்கக் கசக்க.

நாலாவது ஊசிக்குப் பிறகு கோடுகள் ஓரளவு நிமிர்ந்தன. நடுவில் சாம்பல் துளி குறைந்தது, போகவில்லை. இடக்கண்ணுக்கும் இரண்டு ஊசி போட்டார்கள். ஆனியில் சிவகௌரி நெல்லியடிக்குப் போய்க் கிருபைரட்ணத்தின் முன்னால் நின்றாள். பெரிய எழுத்தில் வைத்து அடிக்கலாம், ஆனால் இன்னொரு ஆள் பக்கத்தில் இருந்து வாசித்துச் சரிபார்க்கவேண்டும், அந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறா என்றாள். அவர் யோசித்தார். அடுத்த நாள் ஒரு சின்ன அறிவித்தல் அனுப்பினார்.

பூரணம் அறைக்குள் கதிரையை இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். எட்டாம் வகுப்பு மட்டும்தான் படித்தவள். விரலைத் திரைக்கு முன்னால் தொடாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாய், கோயிலில் தேவாரம் சொல்லும் குரலில் வாசித்தாள். ஜன்னலுக்குச் சேலை போட்டும் திரையில் இரண்டு பேரின் முகங்களும் நிழலாய்த் தெரிந்துகொண்டிருந்தன.

“‘அன்னாரின் இறு-திக்-கிரி-கள்…’ இதென்ன, கிரிகளோ?”

“இறுதிக்கிரியைகள்.”

“அப்பிடி இல்லையே. ஒரு எழுத்துக் குறையுது. ‘யை’ இல்லை.”

சிவகௌரி முன்னால் குனிந்தாள். சொல் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. ஓர் எழுத்தும் குறையவில்லை. பதினொரு வருசத்தில் ஆயிரம்தரம் அடித்த சொல்.

“எனக்குச் சரியாத்தான் தெரியுது மச்சாள்.”

“எனக்குத் தெரியேல்லை,” என்றாள் பூரணம். “கிரிக்கும் கள்ளுக்கும் நடுவிலை. ‘யை’ இல்லை.”

சிவகௌரி இன்னொருக்கால் பார்த்தாள். சொல் முழுசாகத்தான் நின்றது. அவள் திரையின் அம்புக்குறியைப் பூரணம் காட்டிய இடத்தில் வைத்து, ‘யை’யை அடித்தாள்.

“சரியோ?”

“இப்ப சரி.”

“அடுத்த வரி வாசியுங்கோ.”